வசதியுள்ளவர்களிடமாவது அரச வைத்தியசாலைகள் கட்டணம் அறவிடலாமா?

அரசாங்கத்தால் இலவச மருத்துவத்தை இனியும் தாங்க முடியாது, ஆகவே வசதியுள்ளவர்களிடமாவது கட்டணம் அறவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அறவிடக்கூடாது என்பதே என் பதில்.

இப்போது நோயாளர்கள் எதுவுமே செலுத்துவதில்லை என்ற எண்ணமே முதலில் பிழையானது. இலங்கையின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதியை மக்கள் தங்கள் கையிலிருந்துதான் கொடுக்கிறார்கள். தனியார் வைத்தியரைக் கட்டணம் செலுத்திக் காண்பது (சனல் செய்வது), வெளி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிப்பது, பார்மசியில் மருந்து வாங்குவது என அது சிறுகச் சிறுகப் போகிறது.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மாமியார் நீரிழிவுக்கும் பிரஷருக்கும் ஓர் அரச வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போய்வருகிறார். விடியுமுன் போய் இலக்கம் எடுத்து, வைத்தியரைக் கண்டு, மருந்து கொடுக்கும் யன்னலுக்கு வந்து சேரும்போது நண்பகல் ஆகிவிடும். நீரிழிவுக்கான மெட்ஃபோர்மின் பெரும்பாலும் கிடைக்கும். பிரஷருக்கான லொசார்ட்டன் ஒரு மாதம் இருக்கும், அடுத்த மாதம் வெளியில் வாங்கும்படி துண்டு தருவார்கள். அரச பார்மசியான ஒசுசலவிலும் இல்லாவிட்டால் தனியார் பார்மசியைத் தவிர வேறு வழியில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் விலைகள் ஏறியபோது, அவர் எங்களிடம் சொல்லாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுவந்ததைக் கிளினிக் கொப்பியில் ஏறிக்கொண்டே போன பிரஷர் அளவுகளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். இந்த மனிதரிடம் இன்னொரு கட்டணம் கேட்பதா என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

அவரிடம் கேட்கமாட்டோம், வசதியுள்ளவர்களிடம்தான் கேட்போம் என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் வசதியுள்ளவர் யார் என்பதை யார் தீர்மானிப்பது? நாட்சம்பளக்காரரும் சிறு வியாபாரிகளும் நிறைந்த நாட்டில் வருமானத்தை உறுதிப்படுத்தும் பத்திரம் எத்தனை பேரிடம் இருக்கிறது? 2023இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கான பெயர்ப்பட்டியல் வெளியானபோது குவிந்த மேன்முறையீடுகளை நாம் பார்த்தோம். அந்த வரிசையை நெஞ்சுவலியோடு வந்தவர் முன்னால் வைப்பது எனக்கு ஏற்புடையதல்ல. பிரித்தானியாவில், இங்கிலாந்தில் மட்டும் இன்னும் மருந்துச் சீட்டுக் கட்டணம் உண்டு, ஆனால் முதியோர், பிள்ளைகள், வருமானம் குறைந்தோர் என்று விலக்களித்துப் போக, பத்தில் ஒன்பது மருந்துகள் வரையில் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் வட அயர்லாந்தும் அதை முழுதாகவே கைவிட்டன. இலங்கையிலும் 1951இல் நீக்கப்பட்ட வைத்தியசாலைக் கட்டணம், 1971இல் வெளிநோயாளர்களுக்குச் சிறு தொகையாகத் திரும்பி வந்து, 1977இல் மீண்டும் நீக்கப்பட்டது.

பணம் போதாது என்பதை நான் மறுக்கவில்லை. அரசு சுகாதாரத்துக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது. ஆனால் இருக்கும் பணம் எப்படிக் கசிகிறது என்பதையும் பார்க்கவேண்டும். பேராசிரியர் சேனக்க பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானபோது, தேவையான மருந்துகளை வணிகப் பெயரில் அல்லாமல் மூலப்பெயரில், மொத்தமாக, போட்டி விலையில் வாங்குவதே நோக்கமாக இருந்தது. வறிய நாடொன்று எல்லோருக்கும் மருந்து கொடுக்க முடிந்தது அதனால்தான். அந்த மரபு உள்ள நாட்டில், தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்துக் கொள்வனவு தொடர்பான விசாரணையில் சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார் என்பது எவ்வளவு பெரிய வீழ்ச்சி! கொள்வனவைச் சீர்செய்யாமல் நோயாளியிடம் கை நீட்டுவது நியாயமாகாது.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையினால், ஏறத்தாழ எல்லாக் கர்ப்பிணித் தாய்மாரும் தங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரின் (மருத்துவமாதின்) பதிவேட்டில் இருக்கிறார்கள். தடுப்பூசியும் தாய்சேய் நலமும் இங்கு சிறந்திருப்பதற்கு அதுவே அடித்தளம். நீரிழிவுக்காரருக்கோ இருதய நோயாளருக்கோ அப்படி ஒரு பொறுப்பாளர் இல்லை. இன்று நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்கு தொற்றாநோய்களால் ஏற்படுகின்றன. கொழும்பில் யாரும் யாருடைய கடிதமும் இல்லாமல் தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு நேராகப் போகலாம் என்பதால், தடிமனுக்கும் அங்கேதான் போகிறார்கள், மாதாந்த மருந்துக்கும் அங்கேதான் போகிறார்கள். ஒவ்வொரு சிறு வைத்தியசாலைக்கும் ஒரு குறித்த மக்கள்தொகையைப் பொறுப்பாக்கி, பெரிய வைத்தியசாலையோடு இணைக்கும் சீர்திருத்தம் 2018 முதல் கொள்கையாக இருக்கிறது. மாநகரசபை மருந்தகங்களில் மாதாந்த மருந்து தடையின்றிக் கிடைத்து, அதே வைத்தியரைத் திரும்பவும் காண முடியும் என்றால், என் மாமியார் போன்றோர் பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்கத் தேவையில்லை; அந்த இடம் உண்மையில் அது தேவைப்படுபவருக்குக் கிடைக்கும்.

வசதியுள்ளவர் கூடுதலாகத் தரவேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். அதை அவர் நோயுற்று வாசலில் நிற்கும்போது கேட்காமல், நலமாக உழைக்கும் காலத்தில் வருமான வரியாகவும், புகையிலைக்கும் இனிப்புப் பானங்களுக்குமான வரியாகவும் அறவிடுங்கள். அப்படி வரும் தொகையில் முதற்பங்கை இந்தச் சிறு வைத்தியசாலைகளின் மருந்துக்கு ஒதுக்குங்கள்.