நெல்லுக்குத் தெளிக்கும் துத்தநாகம் (ஜிங்க்) சோற்றுக்கு வந்து சேருமா? கேள்வி பதில்

தஞ்சாவூர் விவசாயி: ஐயா, நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தவறாமல் இடுகிறேன். அரிசியிலும் துத்தநாகம் கூடியிருக்கும்தானே?

பதில்: நிலத்தில் குறைபாடு இருந்தால் விளைச்சல் கூடியிருக்கும். அரிசியில் பெரிதாகக் கூடியிருக்காது. 1966இல் வட இந்தியாவின் பந்த்நகரில் ஒய்.எல். நேனே என்ற விஞ்ஞானி, நெல் இலையில் துருநிறப் புள்ளிகள் விழும் கைரா நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்று கண்டார். அப்போதிலிருந்து நம் பரிந்துரைகள் பயிரின் பசியைத்தான் பார்த்தன. உண்பவரின் தேவை கணக்கில் வரவேயில்லை. இந்தியா, சீனா, தாய்லாந்து, லாவோஸ், துருக்கி வயல்களில் நடந்த ஒரு கூட்டு ஆய்வு 2012இல் வெளிவந்தது. மண்ணில் மட்டும் இட்டபோது, தீட்டாத அரிசியில் துத்தநாகம் சராசரியாக 2.4 சதவீதமே கூடியது. இலைவழி தெளித்தபோது 25 சதவீதம். நீர் தேங்கிய வயலில் இடும் துத்தநாகத்தில் பெரும்பகுதி கரையாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. மணி திரளும் நேரத்தில் வேருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதற்காக அடியுரத்தை நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் வேண்டும்.

திருவாரூர் விவசாயி: அப்படியானால் எப்போது, எவ்வளவு தெளிக்க வேண்டும்?

பதில்: பருவம்தான் இதில் எல்லாம். இளம்பயிரில் மஞ்சளைப் போக்கத் தெளிப்பது பயிருக்கு. மணிக்குச் சேர வேண்டுமானால் கதிர் வெளிவந்த பின் ஒரு முறை, பால் பிடிக்கும்போது ஒரு முறை. 200 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ ஜிங்க் சல்பேட், அதாவது அரை சதவீதம். நெல் பூ முற்பகலில் விரியும் என்பதால் மாலையில் தெளியுங்கள். இலை கருகுகிறதா என்று முதலில் ஒரு பாத்தியில் பார்த்துவிடுவது நல்லது.

அதே விவசாயி: டிஏபி உரக் கரைசலோடு ஒரே டேங்கில் கலக்கலாமா?

பதில்: வேண்டாம். டிஏபியில் உள்ள மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) துத்தநாகமும் சேர்ந்து படிந்துவிடும். காசும் வீண், தெளிப்பான் முனையும் அடைக்கும்.

மதுரையிலிருந்து ஒரு தாய்: நாங்கள் நன்றாகத் தீட்டிய அரிசிதான் வாங்குகிறோம். தெளித்த பயன் எங்களுக்கு வருமா?

பதில்: ஓரளவு வரும் அம்மா. ஆனால் தவிட்டிலும் முளையிலும்தான் துத்தநாகம் செறிவாக இருக்கிறது. தீட்டத் தீட்ட அது ஆலையிலேயே நின்றுவிடும். உழவர் சேர்த்ததை நாமே உரித்துக் கழிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கைக்குத்தல் ஒத்துவராவிட்டால், குறைவாகத் தீட்டிய அரிசியையாவது கேட்டு வாங்குங்கள். செறிவூட்டிய அரிசி என்பது வேறு வகை. இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த மணிகளை அதில் ஆலையில் கலக்கிறார்கள்.

சேலம் ஆசிரியை: இரத்தசோகைதானே பெரிய சிக்கல்? இரும்பையும் இப்படியே தெளித்தால் என்ன?

பதில்: நல்ல ஆசை, ஆனால் இரும்பு அவ்வளவு இணங்காது. சுண்ணாம்பு மண்ணில் இட்ட இரும்பு சல்பேட் விரைவில் பயிருக்குக் கிட்டாத வடிவமாகிவிடும். இலையில் தெளித்தாலும் மணிக்கு நகர்வது குறைவு. தழைச்சத்து (நைட்ரஜன்) போதுமான அளவு கிடைத்த கோதுமையில் இரும்பும் துத்தநாகமும் சேர்ந்தே கூடுகின்றன. உரத்தால் ஆகக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான். இரும்புக்கு உணவையும் மருத்துவர் தரும் மாத்திரையையும் நம்புங்கள்.

வேளாண் கல்லூரி மாணவர்: உரத்தின் வழியே மக்கள் உணவில் சத்தைக் கூட்டுவதை ஒரு நாடே செய்து காட்டியிருக்கிறதா?

பதில்: பின்லாந்து செய்திருக்கிறது. உடலுக்குச் சிறிதளவே தேவைப்படும் செலினியம் என்ற சத்து, அங்கே மண்ணிலிருந்து பயிருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. 1984இல் கலப்பு உரங்களில் சோடியம் செலினேட் என்ற செலினிய உப்பைச் சேர்க்க முடிவெடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே மக்கள் உணவில் செலினியம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பிறகு தானியத்தையும் பாலையும் மக்களின் இரத்தத்தையும் தொடர்ந்து சோதித்து, உரத்தில் கலக்கும் அளவைக் கூட்டியும் குறைத்தும் வந்தார்கள். நான் மதிப்பது அந்தக் கண்காணிப்பைத்தான். துருக்கியின் மத்திய அனத்தோலியாவில் 1990களில் விஞ்ஞானி இஸ்மாயில் சாக்மாக் குழுவினர் கோதுமையில் துத்தநாகக் குறைபாட்டை வெளிக்கொணர்ந்த பின், துத்தநாகம் கலந்த உரம் அங்கே பரவலானது. ஆனால் தம்பி, செலினியத்தை நீங்களாக வாங்கித் தெளிக்காதீர்கள். பஞ்சாபின் சில பகுதிகளில் மண்ணிலேயே அது நச்சாகும் அளவுக்கு இருக்கிறது.

புதுக்கோட்டை விவசாயி: செலவு என்னுடையது, சத்து வாங்குபவருக்கு. எனக்கு என்ன கிடைக்கும்?

பதில்: நியாயமான கேள்வி. துத்தநாகம் கூடிய நெல்லுக்கென்று கொள்முதல் நிலையத்தில் தனி விலை கிடையாது. இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் ஒதுக்கும் வயலில் மட்டுமாவது தெளியுங்கள். துத்தநாகம் நிறைந்த விதையின் நாற்று, குறைபாடுள்ள மண்ணிலும் வீரியமாக எழும். பூச்சிமருந்து தெளிக்கிற நாளில், அதோடு கலக்கலாமா என்று வேளாண் அலுவலரிடம் கேட்டுச் சேர்த்துத் தெளித்தால் கூலியும் மிச்சமாகும்.