தடுத்து ஆடும் பையனுக்கு என்ன வேலை கிடைக்கும்?

அம்மா, வணக்கம்.

"மத்த பசங்க எல்லாம் பந்தைக் கூடையில போட்டு பேப்பர்ல பேரு வாங்கறாங்க. இவன் எதிராளியை மறிச்சுக்கிட்டே நிக்கறான். கேட்டா, ஆடி முடிச்சு கோச் ஆவேன்னு சொல்றான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டுக்கூடு விற்ற பணத்தில் விடுதிக் கட்டணம் கட்டும் வீட்டில் இந்தக் கவலை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடைப்பந்து ஆடியே குடும்பம் நடத்தலாம் என்று அவன் நினைத்தால், நம் நாட்டில் அதை நம்பி இறங்க முடியாது. ஆட்டத்தை வைத்து ஒரு வேலை, வேலையில் இருந்துகொண்டே ஆட்டம், அதற்குப் பிறகு பயிற்சியாளர் என்று போனால் வழி இருக்கிறது. அந்த வழியில் தடுத்து ஆடுகிறவனுக்கு நல்ல இடம் உண்டு. கோச் ஆக வேண்டும் என்றால் அவன் கைவசம் ஏற்கெனவே பாதி முதல் இருக்கிறது என்பேன்.

ஜெர்ரி ஸ்லோனைப் பற்றி உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். 1942-இல் பிறந்தவர். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்துப் பண்ணை வீடு, பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி, நான்கு வயதில் அப்பா இறந்துவிட்டார். விடியற்காலையில் பண்ணை வேலையை முடித்துவிட்டு நடந்தே பள்ளிக்குப் பயிற்சிக்குப் போனவர். பிறகு அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் 11 பருவங்கள் ஆடினார், அதில் 10 சிகாகோ புல்ஸ் அணிக்கு. பாய்ந்து வரும் எதிராளியின் குறுக்கே போய் நின்று, நெஞ்சில் இடி வாங்கி, ஃபவுலை அவன் கணக்கில் எழுத வைப்பது அவருடைய பாணி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பந்தைப் பறித்ததையும், கூடைக்குப் போகும் பந்தைத் தட்டிவிட்டதையும் என்பிஏ கணக்கில் எழுதத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். ஸ்லோன் ஆடிய முதல் 8 பருவங்களில் எத்தனை பந்து பறித்தார் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கே கிடையாது. ஆனாலும் சிறந்த தடுப்பாட்டக்காரர்களின் அணியில் 6 முறை இடம்பிடித்தார், அதில் 4 முறை முதல் அணியில். அந்த அணியை அந்தக் காலத்தில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் பயிற்சியாளர்கள். பத்திரிகைக்காரர் எழுதாததை எதிரணி கோச் கவனித்துக்கொண்டிருந்தார். உங்கள் மகன் விஷயத்திலும் அதுதான் நடக்கும். மாவட்ட அணித் தேர்வில் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னாள் ஆட்டக்காரர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும்தானே.

முழங்கால் கெட்டதால் 1976-இல் ஸ்லோனின் ஆட்டம் முடிந்தது. அவர் அணிந்த 4-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று புல்ஸ் அணி ஒதுக்கி வைத்தது. 1979-இல் அதே அணியின் தலைமைப் பயிற்சியாளரானார், 1982-இல் நீக்கிவிட்டார்கள். பிறகு யூட்டா ஜாஸ் அணிக்காக ஆட்டக்காரர்களைப் பார்த்து வந்து சொல்லும் வேலை, அடுத்து உதவிப் பயிற்சியாளர். மறுபடி தலைமைப் பதவி கிடைத்தது 1988 டிசம்பரில். அங்கிருந்து 2011 பிப்ரவரி வரை அசையவில்லை. பயிற்சியாளராக மொத்தம் 1,221 வெற்றிகள். 1997, 1998 இரண்டு வருஷமும் இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோய் இரண்டிலும் தோற்றார். தோற்கடித்தது, வேடிக்கையைப் பாருங்கள், சிகாகோ புல்ஸ். என்பிஏ-வின் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் மகன் அந்த 1,221-ஐப் பற்றித்தான் பேசுவான். நீங்கள் 1982-க்கும் 1988-க்கும் நடுவில் இருக்கும் ஆறு வருஷத்தைப் பற்றிக் கேளுங்கள். "ஊர் ஊராப் போய் யாரோ ஆடறதைப் பார்த்து நோட்டுல எழுதற வேலை கிடைச்சா செய்வியா?" அவன் என்ன பதில் சொல்கிறான் என்பதை எனக்கு எழுதுங்கள். கோச் வேலையின் பெரும்பகுதி அதுதான்.

மைக்கேல் கூப்பர் கதை இன்னும் சுருக்கம். என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் 1978 தேர்வில் 60-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். லேக்கர்ஸ் அணியில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே இறங்கி 5 பட்டங்களில் பங்கு பெற்றார், 1987-இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. பிறகு பெண்கள் அணியான லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸுக்குப் பயிற்சியாளராகி 2001, 2002 இரண்டு வருஷமும் பட்டம் வாங்கித் தந்தார். பெண்கள் அணிக்குப் பயிற்சி தருவதை இரண்டாந்தர வேலையாக நினைக்கும் பையன்கள் நம் பக்கத்தில் உண்டு. உங்கள் மகனுக்கு அந்த நினைப்பு வேண்டாம்.

தடுப்பாட்டக்காரர் ஏன் நல்ல கோச் ஆகிறார் என்பதை நீங்களே பார்க்கலாம். அடுத்த போட்டிக்கு மாவட்ட விளையாட்டரங்கத்துக்குப் போனால், ஒரு கால்பகுதி ஆட்டம், பத்து நிமிஷம்தான், பந்தைப் பார்க்காதீர்கள், மகனை மட்டும் பாருங்கள். முட்டியை மடக்கித் தாழ்ந்து நிற்கிறானா? பக்கவாட்டில் நகரும்போது இரண்டு கால் பாதங்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கின்றனவா? தன் அணிப் பையனின் முதுகுக்குப் பின்னால் ஸ்கிரீன் (வழியை மறித்து நிற்க வரும் எதிரணி ஆள்) வருவதை அவனுக்குக் கத்திச் சொல்கிறானா? எதிராளி ஷூட் செய்ததும் பந்தை அண்ணாந்து பார்க்காமல், முதலில் அவனை முதுகால் அணைத்து வெளியே தள்ளி நிற்கிறானா? இந்த நாலில் நான் முதலில் கவனிப்பது வாயைத்தான். தடுத்து ஆடுகிறவன் களத்தில் மற்ற ஒன்பது பேரும் எங்கே போகிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும், தெரிந்ததைச் சொல்லவும் வேண்டும். அவன் வாய் திறக்காத பையன் என்றால் கோச் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பேசலாம். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள், இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

இனி பிழைப்பு. முழுநேரத் தொழில்முறை ஆட்டம் இங்கே நிலையாக வேர் பிடிக்கவில்லை. 2015-இல் யுபிஏ என்ற தொழில்முறை லீக்கைத் தொடங்கினார்கள், 2017-க்குப் பிறகு அது நடக்கவில்லை. அதே 2015-இல் என்பிஏ அணி ஒன்று தேர்ந்தெடுத்த முதல் இந்தியர் சத்னாம் சிங், ஏழடிக்கு மேல் உயரம். அவராலேயே என்பிஏ-வில் ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. (உயரம் கூட்டும் பவுடர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள், முழங்காலாவது பிழைக்கும்.)

தேனி மாவட்டம் பெரியகுளத்தில் கோடையில் அகில இந்தியப் போட்டி நடக்கும். அங்கே ஆட வரும் அணிகளின் பெயர்களைப் பாருங்கள்: வங்கி, ரயில்வே, ராணுவம், கடற்படை. நம் நாட்டில் கூடைப்பந்து ஆடுகிறவருக்குச் சம்பளம் வருவது அங்கிருந்துதான். இந்திய மகளிர் அணித் தலைவராக இருந்து 2021-இல் பத்மஸ்ரீ வாங்கிய சென்னை அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

விளையாட்டை வைத்துத் தரும் வேலைகளில் உங்கள் மகனுக்குச் சாதகமான ஒன்று உண்டு. மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் போட்டியில், பல்கலைக்கழக அணிக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில், அல்லது மாநிலத்துக்காகத் தேசியச் சாம்பியன்ஷிப்பில் ஆடினானா என்பதைத்தான் சான்றிதழ் சொல்லும். எத்தனை பாயிண்ட் போட்டான் என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. அணிக்கு 12 பேர். 12 பேரும் ஷூட் செய்கிறவர்களாக இருந்தால் அந்த அணி தேறாது என்று தேர்வாளருக்குத் தெரியும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி விடுதிப் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்துவிட்டால் மைதானத்துக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறார்கள். காலை ஐந்து மணிக்குப் படிப்பு, ராத்திரி பத்து மணிக்குத் தேர்வு. ஆனால் பள்ளி விளையாட்டில் 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு என்பது இந்த இரண்டு வருஷம்தான். குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏறும் படியில், ஏற வேண்டிய வருஷத்தில் பையனை அறைக்குள் உட்கார வைத்தால் பிறகு அந்தச் சான்றிதழ் கிடைக்கவே கிடைக்காது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளையும் அவன் விடக் கூடாது. மதிப்பெண்ணில் பத்து, இருபது குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு ஆலோசகன் சொல்லக் கூடாதுதான். நான் சொல்கிறேன். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்விலேயே விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம் ஒதுக்குகிறார்கள்.

கல்லூரியைப் பொறுத்தவரை எந்தப் பட்டம் என்பதைவிட எந்த அணி என்று பாருங்கள். தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தால் பெரியார் பல்கலைக்கழக அணிக்கு முயலலாம், வீட்டுச் செலவுக்கும் கட்டுப்படும். சென்னையிலும் கோவையிலும் கட்டணச் சலுகை கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் கல்லூரிகள் உண்டு. அங்கே போட்டி கடுமை, ஆனால் ஆட்டம் வளரும். ஓசூர் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பெங்களூர் கிளப்களுக்குப் போகிறார்கள். பயிற்சிக்குப் போகட்டும். எந்த மாநிலத்துக்காக ஆடப் போகிறான் என்பதை மட்டும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள், நடுவில் மாறினால் தேர்வில் இழுபறி வரும்.

பட்டத்துக்குப் பிறகு இரண்டு கிளை. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆக விரும்பினால் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம், இரண்டு வருஷம். 1920-இல் தொடங்கிய சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி, மேலக்கோட்டையூர் உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இரண்டையும் விசாரியுங்கள். பயிற்சியாளர் வேலைதான் வேண்டும் என்றால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ. அதற்குப் பட்டமும் வேண்டும், ஆடிய சான்றிதழும் வேண்டும். ஆகவே இப்போது சேர்க்கிற காகிதம் பத்து வருஷம் கழித்தும் கேட்கப்படும். அசல், நகல் இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். பள்ளி முதல்வரைப் பாருங்கள். "பிளஸ் டூவுலயும் போட்டிக்கு அனுப்புவீங்களா?" என்று வாய்வார்த்தையாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார். மனுவாக எழுதிக் கொடுங்கள். குறுவட்டம், மாவட்டம், மாநிலப் போட்டி நாட்களில் அனுமதி வேண்டும், விட்டுப்போன தேர்வைப் பிறகு எழுதிவிடுவான் என்று இரண்டு வரி போதும். உடற்கல்வி ஆசிரியரையும் உடன் அழைத்துப் போங்கள். முதல்வர் மறுத்தால், கட்டணத்தின் அடுத்த தவணையைக் கட்டுவதற்கு முன்பே எனக்குச் சொல்லுங்கள். விளையாட விடும் அரசு மேல்நிலைப் பள்ளி எது, இந்த வருஷமே மாற்றலாமா என்று உட்கார்ந்து பேசலாம்.