வந்துட்டேன் மேடம்!

கேள்வி: போன இதழில், கோவையில் ஆறு வருடமாக வசிக்கும் ஒரு ஜெர்மன் பெண்மணியின் கட்டுரைக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஹார்ன் சத்தம், வரிசையில் இடிப்பது, ரயிலில் 'எவ்வளவு சம்பளம்' என்று கேட்பது, சொன்ன நேரத்துக்கு வராத பிளம்பர் என்று ஒரே குறைப்பாட்டு. காந்தியடிகள் இருந்திருந்தால் இதையும் 'சாக்கடை இன்ஸ்பெக்டர் அறிக்கை' என்று தள்ளியிருப்பார். விருந்தாளியாக வந்து நம் உப்பைத் தின்றுவிட்டு நம்மையே குறை சொல்கிறவருக்கு உங்கள் பத்திரிகையில் ஏன் இடம்? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: அவர் தின்றது காசு கொடுத்து வாங்கிய உப்பு. வேலை பார்ப்பதும் வரி கட்டுவதும் இந்த ஊரில்தான். விருந்தாளி என்கிறீர்கள். மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் பார்க்க உங்களுக்கும் எனக்கும் நுழைவுச்சீட்டு 40 ரூபாய், வெளிநாட்டுக்காரருக்கு 600. பதினைந்து மடங்கு வசூலித்துவிட்டு விருந்தாளி என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்த அம்மாள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அப்புறம் காந்தி. மிஸ் மேயோ என்ற அமெரிக்கப் பெண்மணி சில மாதம் இங்கே சுற்றிவிட்டு நம்மைக் குறை சொல்லி எழுதிய புத்தகத்தைத்தான் அவர் 1927-ல் அப்படிச் சொன்னார். எல்லாருக்கும் அவர் கட்டுரைக்கு வைத்த அந்தத் தலைப்பு மனப்பாடம். தலைப்புக்குக் கீழே இருப்பதை யாரும் படிப்பதில்லை. இந்தப் புத்தகம் அமெரிக்கர், ஆங்கிலேயர் கையில் கொடுக்கத் தகுந்ததல்ல, ஆனால் ஒவ்வொரு இந்தியனும் படித்தால் ஓரளவு பயன் உண்டு என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். அவர் கணக்குப்படி பார்த்தாலும், ஒரு தமிழ்ப் பத்திரிகையில் தமிழர்கள் படிக்கப் போட்டது சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறது!

மேயோவோடு இந்த அம்மாளைச் சேர்ப்பதே அநியாயம். அவர் டவுன் பஸ்ஸில் போகிறவர், சொந்தமாகத் தமிழ் கற்றுக்கொண்டவர். ரயிலில் சம்பளம் கேட்டதைச் சொன்னீர்களே, அந்தப் பத்தியை முழுதாகப் படித்தீர்களா? ஆர்.ஏ.சி. டிக்கெட், சைடு லோயர், பாதி சீட்டில் இவர், மீதிப் பாதியில் ஓர் ஈரோட்டு அம்மா. வண்டி நகர்ந்ததும் எந்த ஊர், கல்யாணம் ஆச்சா, ஏன் குழந்தை இல்லை, எவ்வளவு சம்பளம் என்று வரிசையாகக் கேட்டார். பத்தே நிமிடம். அப்புறம் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியில் இரண்டை எடுத்து இவர் கையில் வைத்தார். வேண்டாம் என்றதற்கு, "சாப்பிடு கண்ணு, ராத்திரி வெறும் வயித்தோட படுக்கக் கூடாது" என்று ஒரு அதட்டல். சம்பளம் கேட்டவரும் இட்லி கொடுத்தவரும் ஒரே ஆள் என்பதுதான் அந்தப் பத்தியின் விஷயம். நீங்கள் இட்லியை விட்டுவிட்டு சம்பளக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

பிளம்பருக்கு வருகிறேன். அங்கேதான் எனக்கு நெடுநேரம் சிரிப்பு. இவர் தமிழை இலக்கணப் புத்தகம் வைத்துப் படித்தவர். வருகிறேன் என்றால் நிகழ்காலம், வருவேன் என்றால் எதிர்காலம், வந்துவிட்டேன் என்றால் வேலை முடிந்தது. குழாய் ஒழுகுகிறது என்று போன் செய்கிறார். "இதோ வந்துட்டேன் மேடம்" என்று பதில். இவர் போனை வைத்துவிட்டு ஓடிப்போய் கேட்டைத் திறக்கிறார். தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருக்கிறது. கால் மணி கழித்து மறுபடி போன். "வந்துட்டேன் வந்துட்டேன்." இரண்டு தடவை சொன்னால் இன்னும் கிளம்பவே இல்லை என்று அர்த்தம் என்பது அவருக்குப் புரிய ஒரு வருடம் ஆனதாம்.

உங்களுக்கு இது இழிவாகத் தெரிகிறது. எனக்குத் தொல்காப்பியம் ஞாபகம் வந்தது. இனி நடக்கப்போவதையும் நடந்துகொண்டிருப்பதையும் விரைவு தோன்ற இறந்த காலத்தில் சொல்லலாம் என்று வினையியலில் ஒரு சூத்திரமே இருக்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் இன்னும் அழகு: சோறு தாமதமாகி இன்னும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பவனிடம், அவசரமாகப் புறப்பட வேண்டிய ஒருவன் "இன்னும் சாப்பிடவில்லையா" என்று கேட்கிறான். அவன் சொல்லும் பதில் "உண்டேன், போந்தேன்", அதாவது சாப்பிட்டேன், வந்துவிட்டேன். சோறே இன்னும் வரவில்லை! நம் பிளம்பர் செய்ததும் இதேதான், ஐயா. ஒரு வெளியாள் கேட்டருகே ஏமாந்து நின்றிருக்காவிட்டால் அவர் பேசியது தொல்காப்பியத் தமிழ் என்று எனக்குத் தோன்றியே இருக்காது.

வீட்டுக்குள் இருக்கிறவனுக்கு வீட்டு வாசனை தெரியாது. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ளவர்கள் வலது கையால்தான் சாப்பிடுகிறார்கள், தண்ணீர்ப் பாத்திரத்தை உதட்டில் படாமல் தூக்கி வாயில் ஊற்றிக்கொள்கிறார்கள் என்று ஆச்சரியமாகச் சொல்லியிருக்கிறார். அண்ணாந்து குடிப்பதையெல்லாம் உட்கார்ந்து எழுதிவைக்க உள்ளூர்க்காரன் எவனுக்குத் தோன்றும்? கடன் வாங்கியவனைச் சுற்றித் தரையில் ஒரு கோடு கிழித்துவிட்டால், கடனை அடைக்காமல் அவன் கோட்டைத் தாண்ட மாட்டான் என்றும் சொல்கிறார். (அந்தப் பழக்கம் போனதில் நம்மில் பலருக்கு நிம்மதி.)

ஹார்ன் பற்றி உங்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. எங்கள் அலுவலகம் சிக்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆனால் ஓர் இடத்தில் அந்த அம்மாள் ஏமாந்துதான் போயிருக்கிறார். வீடு தேடிய கதையில், சைவமா அசைவமா, தனியாகவா, யார் யார் வந்து போவார்கள் என்றெல்லாம் வீட்டுக்காரர்கள் துளைத்தார்கள், அந்நியர் என்பதால் பயம் போலிருக்கிறது என்று பெருந்தன்மையாக முடித்துவிட்டார். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குப் படிவம் நிரப்பித் தெரிவிக்க வேண்டும், அந்தத் தலைவலி உண்மைதான். மற்றபடி அவரிடம் கேட்ட அத்தனையும் மதுரையிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகளிடமும் கேட்கிறார்கள். கூடவே இன்னொன்றும் கேட்பார்கள். நேராகக் கேட்க மாட்டார்கள். "சொந்த ஊர்ல எந்தத் தெரு?" "அப்பா பேர் முழுசா என்ன?" என்று சுற்றி வளைத்து வருவார்கள். அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது. இதையும் அவர் எழுதியிருந்தால் உங்கள் கடிதம் இன்னும் காரமாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு எரிச்சல் மூட்டுவது வேறு வகை. பத்து நாள் ஏ.சி. காரில் வந்து, குடிசை வாசலில் நிற்கும் குழந்தையைப் படமெடுத்து, "ஒன்றுமே இல்லாவிட்டாலும் இவர்கள் முகத்தில் எவ்வளவு சிரிப்பு!" என்று எழுதுகிறார்களே, அது. சில வருடம் முன்னால் நாங்களே அப்படி ஒன்றை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டோம். அந்தக் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. 'பாரத மண்ணின் பெருமை' என்று பாராட்டிக் கடிதங்கள் வந்து குவிந்தன. கோபமாக ஒன்றுகூட வரவில்லை, திருச்சியிலிருந்தும் வரவில்லை.

அந்த அம்மாளை இன்னொரு கட்டுரை கேட்டிருக்கிறேன். முந்தாநாள் போன் செய்தபோது "அனுப்பிட்டேன் சார்" என்றார். இன்னும் வந்து சேரவில்லை.