24-வது கிலோமீட்டரில் ஒரு நாற்காலி

கேள்வி: எனக்கு வயது 38. போன வருடம் முதல் முறையாக முழு தூர ட்ரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒரே நாளில்) இறங்கினேன். நீச்சல் நன்றாகவே போனது. சைக்கிளில் முதல் 100 கிலோமீட்டர் பறந்தேன். போட்ட கணக்கைவிட 20 நிமிடம் முன்னால் இருந்தேன். வெயில் ஏறியதும் வயிறு கனத்தது. கடைசி 60 கிலோமீட்டரில் எதையும் சாப்பிடப் பிடிக்கவில்லை, வெறும் தண்ணீர்தான் குடித்தேன். ஓட்டத்தில் 8-வது கிலோமீட்டரில் வாந்தி. அதற்குப் பிறகு பெரும்பாலும் நடை. 24-வது கிலோமீட்டரில், வழியில் தண்ணீரும் சாப்பாடும் தரும் எய்ட் ஸ்டேஷன் ஒன்றின் நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கட்-ஆஃபுக்கு, அதாவது போட்டியை முடிக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு, அப்போது இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. "நடந்தே முடித்திருக்கலாமே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இன்னும் ஐந்து மாதத்தில் மறுபடி போட்டி. உடம்பு தயார்; மன உறுதிதான் எனக்கு இல்லை என்று தோன்றுகிறது. அதை எப்படி வளர்ப்பது? இன்னொன்று: போன வருட நம்பர் அட்டை இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது. பார்த்தாலே எரிச்சல். தூக்கிப் போட்டுவிடவா?

பதில்: அந்த நாற்காலியை எனக்குத் தெரியும். வெள்ளை பிளாஸ்டிக், கை வைத்தது, உட்கார்ந்ததும் ஒரு கால் மட்டும் மண்ணில் லேசாகப் புதையும். என் இரண்டாவது முழு தூரப் போட்டியில், 31-வது கிலோமீட்டரில், ஷூவுக்குள் போன கல்லை எடுக்க அதில் உட்கார்ந்தேன். கல் வெளியே வந்துவிட்டது. நான்தான் வரவில்லை. லேஸைக் கையில் பிடித்திருக்கிறேன், விரல் மரத்துப்போய் முடிச்சு விழவில்லை, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. எத்தனை நேரம் அப்படி இருந்தேனோ. வாயைப் பொத்திக்கொண்டு இன்னொருவர் தள்ளாடியபடி வந்தார். "சார், அவருக்கு நாற்காலி வேணும், கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா?" என்று தன்னார்வலர் கேட்டார். எழுந்தேன். எழுந்ததுதான் எழுந்தோம் என்று நடந்தேன். அன்று முடித்தும் விட்டேன். இதில் மன உறுதி எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அதனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கிறேன். நீங்கள் 24-வது கிலோமீட்டரைப் பார்க்கிறீர்கள். எனக்கு உறுத்துவது சைக்கிளின் முதல் 100 கிலோமீட்டர், அந்த 20 நிமிட லாபம்.

நம் உடம்பு தசையிலும் ஈரலிலுமாகச் சேர்த்து வைக்கும் மாவுச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம். கலோரியில் சொன்னால் ஏறத்தாழ 2,000. நீச்சல் 3.8, சைக்கிள் 180, ஓட்டம் 42.2 கிலோமீட்டர் என்று ஒரு முழு நாள் கேட்கும் செலவு அதைப்போலப் பல மடங்கு. மீதியைக் கொழுப்பும், வழியில் நாம் சாப்பிடுவதும்தான் ஈடுகட்ட வேண்டும். நிதானமாக மிதித்தால் கொழுப்பு நிறையப் பங்கு ஏற்றுக்கொள்ளும். வேகம் கூடக் கூட உடம்பு மாவுச்சத்தைத்தான் கேட்கும். அதே நேரம் ரத்தம் தொடைக்கு ஓடுகிறது, வெயிலென்றால் தோலைக் குளிர வைக்கவும் ஓடுகிறது. வயிற்றுக்கு மிஞ்சுவது சொற்பம். உள்ளே தள்ளிய ஜெல் (பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழ்) அங்கேயே தேங்கும். "வயிறு கனத்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, பெரும்பாலும் இதுதான் அது. அந்த நிலையில் சாப்பாட்டை நிறுத்தினீர்கள், மிதிப்பதை நிறுத்தவில்லை. கடைசி 60 கிலோமீட்டர் என்றால் எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வரவு பூஜ்யம், செலவு முழுசு.

அப்புறம் அந்த வெறும் தண்ணீர். வியர்வையில் உப்பும் போகிறது. அதற்கு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. கிளம்பியபோது இருந்ததைவிட எடை கூடி வந்தவர்களிடம் அது அதிகம் தென்பட்டது. ஓடி முடித்துவிட்டு எடை கூடுவதா என்றால், ஆமாம், அவ்வளவு தண்ணீர். குமட்டல், தலைவலி, விரல் வீங்கி வாட்ச் பட்டை இறுகுவது, மந்தமாக இருப்பது, எல்லாம் இதன் குறிகள். உங்களுக்கு இதுதான் நடந்தது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரையும் இறங்கி, உப்பும் நீர்த்து, வாந்தியும் எடுத்த ஒருவரைப் பிடித்து "உனக்கு மனத்திடம் போதாது" என்று சொல்வது அநியாயம். அதை நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்வது அதைவிட அநியாயம்.

மன உறுதியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஜான் டன்பர் ஞாபகம் வருவார். 1978 பிப்ரவரி 18, ஹவாயின் ஓவாஹூ தீவில், இந்த முழு தூரப் போட்டிகளுக்கெல்லாம் முன்னோடியாக நடந்த முதல் அயர்ன்மேன் போட்டி. 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். டன்பர் அமெரிக்கக் கடற்படையின் சீல் படைப்பிரிவில் இருந்தவர். மன உறுதிக்கென்றே ஆளைப் பிழிந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் இடம் அது. ஓட்டத்தின்போது அவருடைய உதவிக் குழுவிடம் தண்ணீர் தீர்ந்துபோனது. கையில் இருந்த பீரைக் கொடுத்தார்கள். முதலில் வந்தது கோர்டன் ஹாலர், 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில். டன்பர் இரண்டாவது. அவர் உறுதியில் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. பாட்டிலில்தான் குறை.

சரி, ஐந்து மாதத்தில் என்ன செய்யலாம்?

நீச்சலைத் தொடாதீர்கள், அது நன்றாக இருக்கிறது. சைக்கிளில் முதல் ஒரு மணி நேரம் வெட்கப்படும் அளவுக்கு மெதுவாகப் போங்கள். உங்களைவிட வயதானவர்கள், சாதாரண சைக்கிள் வைத்திருப்பவர்கள், நீச்சலில் நீங்கள் முந்தி வந்தவர்கள் எல்லோரும் தாண்டிப் போவார்கள். எரிச்சல் வரும். வரட்டும். அவர்களில் பாதிப் பேரை ஓட்டத்தில் 25-வது கிலோமீட்டருக்கு மேல் பார்ப்பீர்கள். பவர் மீட்டரோ (மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி) ஹார்ட் ரேட்டோ எதைப் பார்ப்பவராக இருந்தாலும், நீண்ட பயிற்சிகளில் எந்த அளவில் வயிறு சாப்பாட்டை ஏற்கிறதோ அதுதான் உங்கள் வேகம். கால் தாங்கும் வேகம் வேறு, வயிறு தாங்கும் வேகம் வேறு. இந்தத் தூரத்துக்கு இரண்டாவதே கணக்கு.

சாப்பாட்டில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து நல்ல தொடக்கம். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் உறிஞ்சுவது கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஃப்ரக்டோஸ் குடலில் வேறு வாசல் வழியாக உள்ளே போவதால், இரண்டும் கலந்திருந்தால் பழகியவர்கள் 90 கிராம் வரை போகிறார்கள். 'பழகியவர்கள்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். குடலும் பயிற்சிக்குப் படியும். வாரம் ஒரு நாளாவது நீண்ட மிதியில், போட்டியன்று சாப்பிடப்போகும் அதே பொருளை, 15-20 நிமிடத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழக வேண்டும். பசித்தால் சாப்பிடலாம் என்பது இங்கே செல்லாது. ஜெல் சாப்பிட்டால் கூடவே தண்ணீர். உப்புப் பானத்தை முன்பே முடிவு செய்து வையுங்கள். வெயிலுக்குப் பயந்து விடியற்காலையிலேயே பயிற்சியை முடித்துவிடும் பழக்கம் இருந்தால், சில வாரங்களாவது போட்டி நேரத்தின் வெயிலிலேயே போங்கள்.

அப்படியும் வயிறு கனத்தால், வேகத்தைக் குறைக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா உருட்டிக்கொண்டு போவது, ஒரு மிடறு ஒரு மிடறாகக் குடிப்பது, ஏப்பம் வந்து லேசானதும் சின்ன அளவில் மறுபடி தொடங்குவது. போன வருடம் 120-வது கிலோமீட்டரில் இதைச் செய்ய உங்களிடம் 20 நிமிடம் கையிருப்பு இருந்தது. பத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் போதும் என்பது என் ஊகம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தில் கால் வலிக்கிறதென்று இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையை விழுங்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வேண்டாம்.

இப்போது மனசுக்கு வரலாம். எல்லாமே வயிறு என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. அத்தனையும் ஒழுங்காக நடந்தாலும் ஓட்டத்தில் ஒரு இருட்டு வரும். அதைவிடப் பெரிய எதிரி, யாரும் சொல்லாத ஒன்று: சலிப்பு. அதே வளைவை மூன்றாவது முறை சுற்றுவீர்கள், பாட்டுக் கேட்கப் பெரும்பாலான போட்டிகளில் அனுமதியில்லை, கூட்டம் கலைந்திருக்கும், முன்னால் போகிறவரின் முதுகு எண் மனப்பாடம் ஆகியிருக்கும். அதனால் உங்கள் நீண்ட பயிற்சிகளில் சிலவற்றைப் பாட்டும் துணையும் இல்லாமல், ஒரே சின்னச் சுற்றில் செய்யுங்கள். சைக்கிளில் இருந்து இறங்கிய உடனே அரை மணி நேரம் ஓடிப் பழகுங்கள். ஓட்டத்தை 42 கிலோமீட்டராக நினைக்காதீர்கள். ஒரு எய்ட் ஸ்டேஷனில் இருந்து அடுத்தது வரை, அவ்வளவுதான். ஸ்டேஷனுக்குள் நடை, வெளியே வந்ததும் ஓட்டம். ஓட முடியாதபோது நூறு எட்டு எண்ணுங்கள், பிறகு இன்னொரு நூறு. கூச்சமாக இருக்கும், ஆனால் உங்கள் பெயரைச் சொல்லியே உங்களை அதட்டிப் பாருங்கள், கேட்கிறது.

நாற்காலிக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள், இப்போதே, தெளிவாக இருக்கும்போதே. வாயில் எதையாவது போட்டுக்கொள்ளாமல் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால், "மூன்று நிமிடத்தில் என்னை எழுப்பிவிடுங்கள்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். விலகும் முடிவை உட்கார்ந்தபடி எடுக்கவே கூடாது. அடுத்த ஸ்டேஷன் வரை நடந்து போய், அங்கேயும் அதே முடிவு நின்றால் சரி, விலகலாம்.

ஆனால் இந்தச் சட்டம் கஷ்டத்துக்குத்தான், ஆபத்துக்கு அல்ல. கால் எரிச்சல், அழுகை, கொப்புளம், "யாருக்காக இதைச் செய்கிறேன்" என்ற புலம்பல், இவை கஷ்டம். நெஞ்சு வலி, நீச்சலில் திடீர் மூச்சுத்திணறல், இருமலில் இளஞ்சிவப்பு நுரை, நேராக நடக்க முடியாமை, பேச்சுக் குழறல், கொளுத்தும் வெயிலில் நடுக்கம், குடித்தது எதுவுமே தங்காமல் தொடரும் வாந்தி, இவை ஆபத்து. அங்கே எண்ணிக்கையும் கிடையாது, அதட்டலும் கிடையாது. கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். 1982 பிப்ரவரியில் ஹவாய் அயர்ன்மேன் போட்டியில் ஜூலி மாஸ் என்ற மாணவி பெண்களில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தபோது முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் சரிந்து விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போனார். மாஸ் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார், 29 விநாடி வித்தியாசம். அந்தப் படக்காட்சியைப் பார்த்து இந்த விளையாட்டுக்கு வந்தவர்கள் ஏராளம். எனக்கும் அது கண் கலங்க வைக்கும் காட்சிதான். ஆனாலும் புதிதாக வருகிறவர்களுக்கு அதை முன்மாதிரியாகக் காட்ட மாட்டேன்.

"நடந்தே முடித்திருக்கலாமே" என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. மீதி 18.2 கிலோமீட்டர், கையில் 240 நிமிடம். கிலோமீட்டருக்கு 13 நிமிடம் சொச்சம், அதாவது எங்கும் நிற்காமல் சுறுசுறுப்பான நடை. முடியாதது இல்லை. ஆனால் இரண்டு மூன்று மணி நேரமாக வயிற்றில் எதுவும் தங்காத ஆளுக்கு அது சும்மா உலாவும் நடை கிடையாது. சொல்கிறவர்கள் சொல்லட்டும். பிற்காலத்தில் ஹவாயில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் ஆறு முறை வென்ற மார்க் ஆலனின் முதல் முயற்சிகூட, 1982 அக்டோபரில், சைக்கிள் கோளாறால் பாதியில்தான் நின்றது.

நம்பர் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். திருப்பினால் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அன்றைக்கு எத்தனை மணிக்கு எதைச் சாப்பிட்டீர்கள், எந்தக் கிலோமீட்டரில் வயிறு கனத்தது, எத்தனை பாட்டில் தண்ணீர், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிற வரை அதில் எழுதுங்கள். ஒரு வருடம் ஆகிவிட்டது, இன்னும் மறப்பதற்குள் இந்த வாரமே உட்காருங்கள். அந்தத் தாளில் சாதாரணப் பேனா வழுக்கும், மார்க்கர் எடுத்துக்கொள்ளுங்கள்.