காலநிலை ஆவணப்படம்: திரையிடும் நாளைக் கிராம சபையை ஒட்டிக் குறியுங்கள்

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கடலோர ஊராட்சியில் நூலக வாசகர் வட்டம் நடத்தி வருகிறோம். புவி வெப்பமாதலைப் பற்றிய ‘ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்’ ஆவணப்படத்தை ஊர் மக்களுக்குத் திரையிட எண்ணியுள்ளோம். 2006இல் வெளிவந்த படத்தின் செய்திகள் இன்றும் செல்லுமா? பார்த்தவர்கள் அப்படியே கலைந்துவிடாமல் செயலில் இறங்க என்ன வழி?

பதில்: பெரும்பாலான திரையிடல்கள் தோற்பது உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். இப்படம் அமெரிக்காவில் என்ன விளைவை உண்டாக்கியது என்பதை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2011இல் வெளியானது. தம்மால் வெளியாகும் கரியமில வாயுவுக்கு ஈடாக, வேறிடத்தில் அதைக் குறைக்கும் பணிகளுக்கு மக்கள் தாமே முன்வந்து செலுத்தும் தொகை, படம் ஓடிய பகுதிகளைச் சுற்றிப் பத்து மைல் வட்டத்துக்குள் அடுத்த இரண்டு மாதங்களில் மற்ற இடங்களைவிட 50 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் ஓராண்டு கழித்து அந்த உயர்வு நீடித்ததற்குப் பெரிதாகச் சான்று கிடைக்கவில்லை. படம் மனத்தை அசைக்கிறது என்பதும், அந்த அசைவுக்கு ஆயுள் குறைவு என்பதும் இதிலிருந்து தெரிகின்றன. படத்தின் முடிவில் வரும் யோசனைகளில் பல, மின்விளக்கை மாற்றுவது போன்ற தனிமனிதச் செயல்கள். மிகக் குறைவாகவே மின்சாரமும் எரிபொருளும் செலவிடும் மீனவக் குடும்பத்திடமும் விவசாயத் தொழிலாளியிடமும் போய் விளக்கை மாற்றுங்கள் என்று சொல்வது பயனற்றது மட்டுமல்ல, நியாயமற்றதும்கூட என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, ஊர் கூடி முடிவெடுக்கும் நாளை முதலில் பாருங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் திரையிடும் நாளைக் குறியுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊருக்கு ஆகஸ்ட் 15 பொருத்தமானது. அன்று தீர்மானம் நிறைவேறினால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வேலை நடக்க அவகாசம் இருக்கும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் படத்தைக் காட்டி, அன்றே தீர்மான வரைவையும் வாசித்து, திருத்தம் கேட்டு, கிராம சபைக்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுத்துவிடுங்கள்.

தீர்மானம் ‘காலநிலை மாற்றத்தைத் தடுக்க வேண்டும்’ என்று இருந்தால் அது பதிவேட்டில் உறங்கும். காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியான உங்கள் ஊரில் கடல்மட்ட உயர்வு முதலில் உப்புநீராகத்தான் வந்து சேரும். கிணற்றிலும் வயலிலும் வடிகால் வாய்க்காலிலும் அதைக் காணலாம். எந்த வாய்க்கால் தூர்ந்துள்ளது, எந்த மதகின் ஷட்டர் பழுதாகியுள்ளது, எந்தக் குளத்தில் கரை இல்லை என்று பெயரிட்டு, எந்தத் துறை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்ததை நேரில் கண்டவர்கள் உங்களிடையே இருப்பார்கள். எந்தப் பாதை மூழ்கியது, எந்தக் கட்டடம் தாங்கியது என்பதை அவர்களிடம் கேட்டு எழுதினால், எந்த ஆவணப்படமும் தர முடியாத சான்று உங்கள் தீர்மானத்தில் இடம்பெறும்.

இனி, படத்தின் நம்பகத்தன்மை. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவால் புவி வெப்பமாகிறது என்ற அடிப்படைச் செய்தி இன்றும் நிற்கிறது. படம் வந்தபோது காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 380 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இப்படத்தைப் பள்ளிகளில் காட்டுவதை எதிர்த்து இங்கிலாந்தில் தொடரப்பட்ட வழக்கில், 2007 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றம், படத்தின் அறிவியல் பெருமளவில் சரியானது என்று கூறி, அறிவியலாளர்களின் பொதுக் கருத்திலிருந்து விலகும் ஒன்பது இடங்களையும் சுட்டி, விளக்கக் குறிப்புடன் காட்ட அனுமதித்தது. அவற்றில் ஒன்று உங்களுக்கு மிக முக்கியமானது. கடல் ஏறத்தாழ 20 அடி உயர்ந்து நகரங்களை மூடும் காட்சி, அது விரைவில் நிகழப்போவதைப் போன்ற எண்ணத்தைத் தருகிறது; உண்மையில் அவ்வளவு உயர்வுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2021இல் தந்த மதிப்பீட்டின்படி, 2100க்குள் உலகக் கடல்மட்டம் உமிழ்வைப் பொறுத்து ஏறத்தாழ 0.3 மீட்டர் முதல் 1 மீட்டர் வரை உயரக்கூடும். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி இதைச் சொல்லிவிடுங்கள். கடலோடு வாழ்பவர்களிடம் மிகைப்படுத்தினால் மற்ற உண்மைகளையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். தாழ்வான டெல்டாவுக்கு அரை மீட்டரே பேராபத்து என்பதை அவர்களுக்கு விளக்கத் தேவையே இருக்காது.

ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான ஆங்கிலப் படத்தை முழுவதும் காட்ட வேண்டாம். வெப்பநிலை வரைபடம், பனிப்பாறைகள், கடல்மட்டம் ஆகிய பகுதிகளை மட்டும் தமிழ் விளக்கத்துடன் காட்டி, மீதி நேரத்தை ஊர் பேசுவதற்கு விடுங்கள்.

கிராம சபைத் தீர்மானம் அரசுத் துறைக்கு நேரடி ஆணை ஆகாது. அதனால் அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். அசைவு தெரியாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பத்தை அனுப்பி, அத்தீர்மானத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம்.