அந்தத் தாயை ஏன் கொன்றீர்கள்?

கேள்வி: நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சில ஆண்டுகளாக ஒரு சரித்திரக் காதல் நாவல் எழுதி வருகிறேன். இராசராச சோழன் காலத்துக் கதை. திருவாரூரிலிருந்து தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண் (கோயிலில் ஆடல் பணி செய்பவள்) ஒருத்தியும் வேளைக்காரப் படைவீரன் ஒருவனும் காதலிக்கிறார்கள். முடிவில் இருவரும் ஈழத்துக்குக் கப்பல் ஏறிவிடுகிறார்கள். கதை வேகமாக நகர வேண்டும் என்பதால் நாயகியின் பெற்றோரை முதல் அத்தியாயத்திலேயே காய்ச்சலில் இறக்கச் செய்துவிட்டேன். படித்த தோழிகள் காதல் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் அந்தக் காலம் கண்ணில் தெரியவில்லை என்கிறார்கள். உடை, அணிகலன், உணவு பற்றி நோட்டு நோட்டாகக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் எதைப் படிக்க வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்:

உடை, நகை, உணவு பற்றிய கேள்வியோடு கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அதை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் நாயகியின் அடுப்பங்கரையில் மிளகாய் இருக்கக் கூடாது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, கொய்யா எதுவும் இருக்கக் கூடாது. இவையெல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் 1498இல் இந்தியக் கரைக்கு வந்த பிறகுதான் இங்கே பரவின. காரத்துக்கு மிளகு இருக்கிறது. வீரன் ‘ஐந்து நிமிடம்’ காத்திருக்க வேண்டாம்; அவன் நேரத்தை நாழிகையில் அறிந்தவன். இந்தப் பிழைகளை நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் களைந்துவிடுவார். உங்கள் தோழிகள் சொன்ன குறைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

அந்தக் குறை எங்கே இருக்கிறது என்பதை நீங்களே போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். கதை வேகமாக நகர வேண்டும் என்று பெற்றோரைக் கொன்றுவிட்டீர்கள்.

ஏன் கொன்றீர்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் இருந்தால் அவள் நினைத்த நேரத்தில் வெளியே போக முடியாது, வீரனைச் சந்திக்க முடியாது, கேட்காமல் கப்பல் ஏற முடியாது. தடையாக நின்றவர்களை அப்புறப்படுத்தினீர்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத, யாருக்கும் சோறு போட வேண்டாத ஒரு பெண். அவளுக்கு எத்தனை ஒட்டியாணம் பூட்டினாலும் அவள் சோழ நாட்டுப் பெண்ணாக மாட்டாள். இன்று நகரத்து விடுதியில் தங்கி வேலைக்குப் போகிற பெண்ணுக்குக்கூட இரவு எட்டு மணிக்கு வீட்டிலிருந்து தொலைபேசி வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவளை இவளைவிட ஒட்டில்லாதவளாக எழுதிவிட்டு, காலம் தெரியவில்லையே என்று கேட்கிறீர்கள்.

பெரிய கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டை முழுவதும் படித்தீர்களா? ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. ஏறக்குறைய 400 பெண்கள். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து. நீங்கள் கணக்கு ஆசிரியை, போட்டுப் பாருங்கள். கலத்துக்கு 12 மரக்கால், மரக்காலுக்கு 8 நாழி. ஒரு நாளைக்கு 26 நாழிக்கு மேல் வருகிறது. உப்புக்கும் எண்ணெய்க்கும் துணிக்கும் கொடுத்தது போனாலும், தனியாள் ஒருத்தி உண்ணுகிற அளவா இது? அந்த வீட்டில் இன்னும் சிலர் இருந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அந்தச் சிலரைத்தான் உங்கள் நாவலில் காணோம்.

அதே கல்வெட்டில் இன்னோர் ஏற்பாடும் இருக்கிறது. பங்கு பெற்றவர் இறந்துபோனாலோ வேற்று நாடு போய்விட்டாலோ அவருக்கு அடுத்த உறவுடையவர் அந்தக் காணியை, அதாவது பங்குக்கான உரிமையை, பெற்றுப் பணி செய்ய வேண்டும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரைப் பணியில் அமர்த்திவிட்டு நெல்லைத் தாம் பெறலாம். அப்படி உறவே இல்லையென்றால் மட்டும், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கூடித் தகுதியான ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உறவே இல்லாத ஆள் என்ற நிலை அந்த ஆணையில் கடைசியாகத்தான் வருகிறது. உங்கள் நாவலோ அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உங்கள் நாயகி கப்பல் ஏறுகிறாள். அவளைப் போன்றவளுக்கு என்ன செய்வது என்று அரசாணை முன்பே எழுதிவைத்திருக்கிறது. மறுநாள் அவள் வீட்டு வாசலில் யார் நிற்பது? தாய் திருவாரூரில் உயிரோடு இருந்து, பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு தங்கையும் இருந்தால், அந்தச் சிறுமியை அழைத்துக்கொண்டு தாய் தஞ்சைக்கு நடந்து வர வேண்டும். சலங்கை கட்டிச் சில மாதங்களே ஆன பிள்ளை, அக்காள் விட்டுப்போன இடத்தில் நின்று ஆட வேண்டும். ஆடத் தெரியவில்லையென்றால் கூலிக்கு ஆள் தேட வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். இத்தனையும் தெரிந்துதான் உங்கள் நாயகி படகில் கால் வைக்கிறாள் என்றால், அந்தக் காதலுக்கு ஒரு கனம் வருகிறது. பொறுப்பு எதுவும் இல்லாதவள் போவதில் எனக்கு என்ன அக்கறை? அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அந்தக் காலத்து மன்னனே உறவை விட்டுவிட்டுப் பேசவில்லை. ‘நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்’ கல்லில் வெட்டுக என்று இராசராசன் ஆணையிட்டான். தன் பெயருக்கு அடுத்தபடியாக அக்காளை நிறுத்தினான். அந்த அக்காள் குந்தவை, அதே கோயிலில் தன் தந்தைக்கும் தாய்க்கும் படிமம் எடுத்தாள். அந்தத் தாய் வானவன் மாதேவியைப் பற்றித் திருக்கோவலூர்க் கல்வெட்டு என்ன சொல்கிறது தெரியுமா? பால்குடிக்கும் குழந்தையைப் பிரிந்து கணவனோடு எரி புகுந்தாள் என்கிறது. அந்தச் செயலை நான் போற்றவில்லை. பால்மணம் மாறாத குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்த எந்த வழக்கத்தையும் போற்ற என் மனம் ஒப்பாது. ஆனால் அரசியைப் புகழ வந்த புலவனுக்கே அந்தக் குழந்தையை மறைக்க மனம் வரவில்லை. புகழ்ச்சிக்கு இடைஞ்சலாக இருந்தும் அதைப் பாட்டில் வைத்தான். நீங்கள் நாவல் எழுதுகிறவர், உங்களுக்கு இடைஞ்சலாக இருந்ததை முதல் அத்தியாயத்திலேயே புதைத்துவிட்டீர்கள்.

வீரனையும் கேட்கிறேன். வேளைக்காரர் என்றால் மன்னனுக்காக உயிரைக் கொடுப்பதாக உறுதி ஏற்றவர்கள். அந்த உறுதியை விட்டுவிட்டுப் போகிறவனுக்கு ஓர் இரவாவது தூக்கம் கெட வேண்டாமா? அவனைப் பெற்றவள் எங்கே? உங்கள் கடிதத்தில் அவளும் இல்லை.

காதல் எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடைசியில் அவள் போகட்டும், அதை நான் தடுக்கவில்லை. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. கதையிலும் முடியாது. சொல்லிவிட்டுப் போகிற பெண்ணுக்கு வேண்டிய துணிவு, சொல்லாமல் ஓடுகிறவளுக்குத் தேவைப்படாது.

அந்தப் பெண்கள் திருவாரூரிலும் பழையாறையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்து எப்படி அழைத்துவரப்பட்டார்கள், வீட்டார் அழுதார்களா, பெருமைப்பட்டார்களா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அந்த இடம் எழுத்தாளருக்கு உரியது. அங்கே பிற்காலத்துத் தேவதாசிகளின் துயரத்தை அப்படியே கொண்டுவந்து ஒட்டிவிடாதீர்கள். எட்டு நூற்றாண்டுகள் இடையில் கிடக்கின்றன.

நோட்டுகளை மூடி வையுங்கள். முதல் அத்தியாயத்தைக் கிழித்துவிடுங்கள். அந்தத் தாய்க்குக் காய்ச்சல் வந்து, குணமாகி எழட்டும். அவளுக்குப் பெயர் வையுங்கள், ஒரு தொழில் கொடுங்கள், மகள் மீது கொஞ்சம் பொறாமையும் இருக்கட்டும். கப்பல் கிளம்புவதற்கு முன் மகள் திருவாரூருக்கு நடந்து போகிறாள், இரண்டு நாள் வழி. ஐப்பசி மழையாக இருந்தால் ஆறுகள் நிரம்பிக் கிடக்கும், இன்னும் ஒரு நாள் கூடும். அந்த வீட்டுத் திண்ணையில் இருவரும் என்ன பேசினார்கள் என்பதை எழுதி முடிக்காமல் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலைக் கிளப்பாதீர்கள்.