கைரோபிராக்டர் எழுதிய எக்ஸ்ரேக்கு மெடிகேர் பணம் தராதா?

வணக்கம். டெக்சாஸில் உங்கள் அம்மாவுக்குக் கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்பவர்) எழுதிக்கொடுத்த கீழ் முதுகு எக்ஸ்ரேக்கு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) கைவிரித்துவிட்டது, அப்படியானால் அவருக்கு எழுதவே உரிமை இல்லையா என்று கேட்டிருந்தீர்கள்.

உரிமை உண்டு. அதைத் தருவது மாநிலச் சட்டம். மெடிகேர் பணம் தருமா என்பதோ மத்தியச் சட்டத்தின் விஷயம். அந்தச் சட்டத்தின் கண்ணில் கைரோபிராக்டர் ஒரே ஒரு வேலைக்குத்தான் மருத்துவர்: பிசகிய முதுகெலும்பைக் கையால் சரிசெய்ய. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எதை அவர் எழுதினாலும் பணம் வராது. வேடிக்கை என்னவென்றால், 2000ஆம் ஆண்டுக்கு முன்பு அந்தப் பிசகை எக்ஸ்ரேயில் காட்டியே ஆகவேண்டும் என்ற விதி இருந்தது. ஆனால் அந்த எக்ஸ்ரேயை அவரே எழுதினால் காசு கிடையாது!

என் மாமியாருக்கும் இதேதான் நடந்தது. படம் எடுத்த பிறகு குடும்ப டாக்டரிடம் ஓடி, பழைய தேதிக்குச் சீட்டு கேட்டோம். மறுத்துவிட்டார், அதுவே சரி. அடுத்த முறை நீங்கள் முதலிலேயே உங்கள் குடும்ப டாக்டரிடம் போங்கள். கைரோபிராக்டரின் சிகிச்சைக்காக என்றாலும், டாக்டர் எக்ஸ்ரே எழுத விதியில் தனியாகவே இடம் இருக்கிறது. அப்படி எழுதினால், மெடிகேரின் பார்ட் பி (டாக்டர், பரிசோதனைச் செலவுகளுக்கான பகுதி) டிடக்டிபிள், அதாவது முதலில் நாமே கட்டவேண்டிய தொகை, கழிந்தபின் வழக்கமாக 80 சதவீதம் கிடைக்கும்.

இப்போது வந்திருக்கும் பில்லுக்கு, எக்ஸ்ரே எடுத்த சென்டரைக் கூப்பிட்டு, கைக்காசு கட்டுபவர்களுக்கான ரேட் கேளுங்கள். எங்களுக்குக் கொஞ்சம் குறைத்தார்கள். அப்புறம், அம்மாவுடையது மெடிகேர் அட்வான்டேஜ் பிளான் (தனியார் நிறுவனம் வழியாக வரும் மெடிகேர்) என்றால் கார்டின் பின்பக்க எண்ணில் விசாரியுங்கள், சில பிளான்களில் கைரோபிராக்டருக்குக் கூடுதல் சலுகை உண்டு.